417-இன் அடிவாசனை

ஜூன் 3, செவ்வாய்

417-ஐ நிராகரித்தேன். காரணம்: அடி இல்லை.

இந்தக் குறிப்பைப் படிக்கப் போகிறவன் நான் ஒருவன்தான் என்றாலும் பழக்கத்தால் விளக்கிவிடுகிறேன். ஒரு வாசனைக்கு மூன்று கட்டம். மூடியைத் திறந்ததும் எழுவது முதல் வாசனை. கால் மணி நேரம் நிற்கும். பிறகு நடு. ஆறு மணி நேரம் கழித்தும் காகிதப் பட்டையில் மிச்சமிருப்பது அடி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் நிறுவனம் சோப்புக்கும் ஊதுவத்திக்கும் பெண்கள் பூசிக்கொள்ளும் திரவங்களுக்கும் வாசனை தயாரிக்கிறது. லேபில் கலக்குகிறார்கள். நான் முகர்ந்து கையெழுத்துப் போடுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தெய்வநாயகம் என்ற கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போனதில்லை. முகரும் குழுவில் நான்கு பேர் உண்டு. மற்ற மூவரும் பட்டையை முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்த்து எழுதுவார்கள். சுதந்திரமான கருத்துகள் இப்படி ஒத்துப்போவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தந்திருக்கிறது.

417, ஒரு பட்டுப்புடவைக் கடையினர் வேலைக்குப் போகும் பெண்களுக்காகக் கேட்டது. அவர்கள் அனுப்பிய தேவைப் பட்டியல் இது: “பழ வாசனை வேண்டும், மிட்டாய் மாதிரி இருக்கக் கூடாது. பூ வேண்டும், கோயில் மாதிரி இருக்கக் கூடாது. பக்கத்தில் வந்தால் மட்டும் தெரிய வேண்டும். தன்னம்பிக்கை, ஆனால் அடக்கம்.” மருமகள் தேடும் விளம்பரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக மேலே ‘வாசனைத் திரவியம்’ என்று தலைப்பிட்டிருந்தார்கள்.

கலக்கியவர் ஜெசிந்தா. நாகர்கோவில் பெண். ஜனவரியில் சேர்ந்தார். அவருடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் இந்த மாதம் முப்பதாம் தேதி முடிகிறது. இது அவருடைய நான்காவது கலவை. நான்கையும் நிராகரித்தவன் நான். நான்குக்கும் ஒரே காரணம். எல்லோரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்வது எளிதல்ல.

“ஒண்ணுமே தெரியலியா சார்?” என்று கேட்டார்.

“வெறும் காகிதம்மா.”

பட்டையை வாங்கித் தானும் முகர்ந்தார். ரொம்ப நேரம் முகர்ந்தார். பிறகு “செரி சார்” என்றார்.

பட்டை என் சட்டைப் பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

ஜூன் 5, வியாழன்

வசுமதி துவைக்கப் போட்ட சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். என் மனைவி, ஆவடி அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஆதாரம் இல்லாமல் பேசுகிறவள் அல்ல.

“யாருங்க இது?”

“எது?”

“இந்த வாசனை.”

வாங்கி முகர்ந்தேன். சட்டை, வியர்வை, பேருந்து. “ஒண்ணும் இல்லையே.”

“பொய் சொல்றப்பதான் உங்க மூஞ்சி இவ்ளோ நேர்மையா இருக்கும்.”

இதில் எழுதுவதற்கு மேலும் ஒன்றுமில்லை. கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

அதே சட்டை.

“ரெண்டு தடவை அலசி, வெயில்ல காயப்போட்டு, இஸ்திரியும் போட்டாச்சு. அவ இன்னும் இதுல இருக்கா,” என்றாள் வசுமதி.

ஆபீஸ் பட்டையைப் பையில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

“அப்படியா? அது என்ன வாசனைன்னு சொல்லுங்க. அதுதானே உங்க வேலை?”

மறுபடி முகர்ந்தேன். இஸ்திரிச் சூடு மட்டும் வந்தது. நான் வாயைத் திறந்து மூடியதை அவள் குறித்துக்கொண்டாள். இனி அது ஆதாரம்.

2009-இல் ஒரு சோப்புக்கு ‘அடி இல்லை’ என்று எழுதித் திருப்பியனுப்பினேன். அதே வாசனை வேறொரு நிறுவனம் வழியாகக் கடைக்கு வந்து இன்றும் விற்கிறது. மக்களுக்கு ரசனை குறைவு என்று அப்போது முடிவு செய்தேன். மக்கள் பதினாறு ஆண்டுகளாக விடாமல் ரசனைக் குறைவாகவே இருக்கிறார்கள். ஏன் இன்று அது நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

கிரிதரன் கூப்பிட்டனுப்பினார். நிறுவனத்தைத் தொடங்கியவரின் மகன். இப்போது அவர்தான் எம்.டி.

“ஜெசிந்தா எப்படி சார்? வெச்சுக்கலாமா?”

“முயற்சி இருக்கு. அடி வரல.”

எழுதிக்கொண்டார். நான் சொல்வதை எல்லோரும் எழுதிக்கொள்கிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று ஜெசிந்தாவின் கலவைச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். பழத்துக்கு அவர் கணக்கில் வைத்தது சாம்பக்காய். அவர்கள் ஊரில் வீட்டு முற்றங்களில் காய்க்கும், ரோஜாப்பூ மணமுள்ள, தண்ணீர் நிறைந்த காய். பழமும் பூவும் ஒன்றிலேயே இருப்பதால் இரண்டுக்கும் நடுவில் ஒட்டுப்போட வேண்டியதில்லை. புத்திசாலித்தனமான யோசனை. அடிக்கு ஒரே ஒரு பொருள்: வெள்ளை மஸ்க் வகையில் ஒன்று. செயற்கைக் கஸ்தூரிதான், மான் எதுவும் துன்பப்படவில்லை.

சிலருக்குச் சில மஸ்க் மட்டும் தெரியாது என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ‘சிலருக்கு’ என்ற சொல்லை நான் எப்போதும் பிறரைக் குறிப்பதாகவே படித்து வந்திருக்கிறேன்.

417-இல் ஒரு சின்னப் பாட்டிலும் அந்த மஸ்க்கில் இன்னொரு பாட்டிலும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இன்று காலை மேசையில் வைத்ததும் வசுமதி 417-இன் மூடியைத் திறந்தாள். முகர்ந்தாள். உட்கார்ந்தாள்.

“அவ பாட்டிலையே கொண்டு வந்துட்டீங்களா?”

“ஆபீஸ் சாம்பிள் இது.”

“எனக்கும் அதையே பூசிவிட்டா வித்தியாசம் தெரியாதுன்னா?”

ஆபீஸ் வேலைக்கு உதவி வேண்டும் என்றேன். பட்டையில் தோய்த்துக் கொடுத்து, என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். மறுப்பாள் என்று நினைத்தேன். ஆனால் எதிரியைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அவள் விடுவதில்லை.

காலை ஒன்பது மணி. “பழம். கொய்யாவும் இல்ல, ரோஜாவும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல. இனிப்பு இருக்கு, ஆனா சொல்லிக்கல. காலையில பதட்டமில்லாம கிளம்பறவ. பஸ் வந்தா ஏறுவா, வரலேன்னா நிப்பா.”

பத்தரை. “இப்ப பூ. யாரும் பறிக்காத பூ, பக்கத்து வீட்டுக் கொடியில இருக்கு. காத்தடிச்சா வருது, இல்லேன்னா இல்ல. மத்தவங்க பேசி முடிச்சப்புறம் பேசறவ. ஆனா எல்லாத்தையும் கவனிச்சிருப்பா.”

மூன்று மணி. அவள் பட்டையை இரண்டு முறை முகர்ந்தாள். பிறகு, “தூங்கி எழுந்த குழந்தையோட கழுத்துல ஒரு வாசனை வருமே, அது. தோலு, துவைச்ச துணி. அவ போயிட்டான்னு நெனைக்கிறப்பதான் தெரியுது, அவ இன்னும் இங்கதான் இருக்கான்னு.”

நான் எழுதிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் இப்படி ஒரு மதிப்பீட்டு அறிக்கையை நான் எழுதியதில்லை.

“எழுதி வேற வச்சுக்கிறீங்களா? அவகிட்ட காட்டவா?”

கடைசியாக இரண்டு பட்டைகள். ஒன்றில் மஸ்க் மட்டும். இன்னொன்று ஒன்றும் தோய்க்காதது. கண்ணை மூடச் சொல்லி மாற்றி மாற்றி நீட்டினேன். எட்டு முறை. எட்டும் சரியாகச் சொன்னாள். அவள் உள்ளே போன பிறகு நானே முகர்ந்து பார்த்தேன். இரண்டும் காகிதம். தரமான காகிதம்.

ஜூன் 16, திங்கள்

வசுமதியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். ‘பெண் யாரும் இல்லை, எனக்கு மூக்குதான் இல்லை’ என்று.

யோசித்துப் பார்த்தேன். பெண் இருப்பது மேல்.

ஜூன் 17, செவ்வாய்

முடி வெட்டிக்கொண்டேன். வசுமதி அதையும் ஆதாரத்தில் சேர்த்துக்கொண்டாள்.

ஜூன் 18, புதன்

இருவருக்கும் தலைகுனிவு வராமல் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, “அடிக்குக் கொஞ்சம் சந்தனம் சேருங்க, ஒரு துளி வனிலா. மறுபடி பாக்கலாம்,” என்றேன்.

“சந்தனம் போட்டா மத்ததெல்லாம் அமுங்கிருமே சார்.”

“நிக்கணுமில்ல?”

“அது நிக்குதுன்னுதான் நான் நெனச்சேன்.” என் முகத்தைப் பார்த்தார். என் முகம் நேர்மையாக இருந்திருக்க வேண்டும். “இப்பம் எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு. செரி சார், போடுதேன்.”

ஜூன் 20, வெள்ளி

417-பி வந்தது. ஆறாவது மணி நேரத்தில் சந்தனம் கணீரென்று இருந்தது. ஏற்கிறேன் என்று எழுதினேன். மற்ற மூவரும் ஏற்றார்கள். ‘திருத்தம்: தெய்வநாயகத்தின் ஆலோசனைப்படி’ என்று கிரிதரன் தன் கையாலேயே சேர்த்தார். நான் தடுக்கவில்லை, அது உண்மையும்தான்.

ஜெசிந்தா கேட்டார்: “ஒங்களுக்குப் பிடிச்சிருக்கா சார்?”

“நல்லா இருக்கும்மா.”

“அப்பம் செரி.”

அவர் போன பிறகு பட்டையை மறுபடி முகர்ந்தேன். சாம்பக்காயைக் காணவில்லை. வசுமதி சொன்ன, பஸ்ஸுக்கு நிற்கிற அந்தப் பெண்ணை, நகை போட்டு ஒரு மேடையில் உட்கார வைத்திருந்தது போல இருந்தது. வைத்தவன் நான்.

ஜூன் 23, திங்கள்

கிரிதரன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, எனக்கு மஸ்க் தெரியவில்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“தெரியும் சார்,” என்றார்.

“என்ன தெரியும்?”

“உங்களுக்கு மஸ்க் தெரியாதுன்னு. அப்பா காலத்துலயே தெரியும். அந்த சோப்பு கைவிட்டுப் போச்சே, அப்போ கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் உங்ககிட்ட வர்ற சாம்பிள்ல மட்டும் லேப்ல ஒரு சொட்டு சந்தனம் சேர்ப்பாங்க. நீங்க கையெழுத்துப் போட்டதும், அது இல்லாத ஒரிஜினல் கஸ்டமருக்குப் போகும். அதுக்கு ஒரு பேர்கூட இருக்கு சார். ஐயா சொட்டு.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“உங்க பேருக்கு மார்க்கெட்ல ஒரு மதிப்பு இருக்கு சார்.”

“ஜெசிந்தா சொட்டு போடலையே?”

“அதான் தப்பாயிடுச்சு. யாராவது சொல்லியிருப்பாங்கன்னு எல்லாரும் நெனச்சுட்டோம்.”

அப்படியானால் 417-ஐயே அனுப்பிவிடலாமே என்றேன். முடியாது என்றார். 417 வேண்டாம் என்று நான் எழுதியதன் நகல் கடைக்காரர்களுக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை அவர்கள் நேரில் வந்து 417-பியைப் பார்க்கிறார்கள். அது என் ஆலோசனை என்று பதிவாகிவிட்டது. ஜெசிந்தாவின் பெயரில் இருப்பவை நான்கு கலவைகள், நான்கு நிராகரிப்புகள்.

“லெட்டர் டைப் பண்ணியாச்சு சார். முப்பதாம் தேதியோட நிறுத்திக்கறோம். நீங்க கவலைப்படாதீங்க, உங்க விஷயம் வெளியில வராது.”

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது நிம்மதி. வேறு எங்கும் சொல்ல முடியாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

மாலை வசுமதியிடம் சொன்னேன். மஸ்க், சொட்டு, ஜெசிந்தா, லெட்டர், எல்லாம்.

“அப்ப பொண்ணே இல்லையா?”

“இல்ல.”

அவள் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம் என்று சொன்னால் மிகையாகாது. மூன்று வாரமாக அவளோடு குடியிருந்தவள் திடீரென்று காலி செய்துவிட்டாள் அல்லவா.

பிறகு என் பக்கம் திரும்பினாள். “உங்க மூக்கு கெட்டுடும்னு திங்கள்லேருந்து சனி வரைக்கும் நான் தலையில பூ வச்சதில்ல. சாம்பார்ல பெருங்காயம் போட்டதில்ல. எங்க அம்மா வீட்டுக்கு வந்தப்ப அவங்க தைலத்தை வெளியில வைக்கச் சொன்னேன். இருபத்திரண்டு வருஷம்.”

“மல்லிகை எனக்கு நல்லாவே தெரியும். அந்தக் கட்டுப்பாடு அவசியமாத்தான்…”

“எழுந்திருங்க.”

எழுந்தேன். எதற்கு என்று தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

“அந்தப் பொண்ணு வேலை என்ன ஆகுது?” என்றாள்.

“முப்பதாம் தேதியோட முடியுது.”

“உங்க வேலை?”

“அது இருக்கும்.”

“எப்படிங்க சாப்பிடறீங்க?” என்று கேட்டுவிட்டு எனக்குச் சாப்பாடு போட்டாள். சாம்பாரில் பெருங்காயம் இருந்தது. நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

ஜூன் 25, புதன்

என் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பை அறிக்கைத் தாளில் படியெடுத்தேன். வசுமதி வாங்கிப் படித்தாள். சொற்களைக் கொஞ்சம் சீர்செய்யட்டுமா என்று கேட்டேன்.

“ஒரு எழுத்து மாத்தக் கூடாது. கீழ என் பேரைப் போடுங்க.”

போட்டேன். மூன்று முழம் மல்லிகையோடு பள்ளிக்குப் போனாள்.

ஜூன் 26, வியாழன்

கடைக்காரர்கள் சார்பில் கனகவல்லி வந்திருந்தார். அந்தக் குடும்பத்தின் மூத்த மருமகள். புது வியாபாரம் முழுவதும் அவர் பொறுப்பு. கிரிதரன் 417-பியை நீட்டினார். ஜெசிந்தா தட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

கனகவல்லி முகர்ந்தார். “கல்யாண மண்டப வாசல்ல சந்தனக் கிண்ணத்தோட நிக்க வச்ச மாதிரி இருக்குங்க. நான் அங்க முப்பது வருஷமா நின்னுட்டிருக்கேன்.”

கிரிதரன் என்னைப் பார்த்தார். நான் எழுந்து பையிலிருந்து 417-ஐ எடுத்தேன்.

“இதை நான் வேண்டாம்னு எழுதினேன். அந்த அறிக்கை தப்பு. இதோட அடியில இருக்கற மஸ்க் எனக்குத் தெரியாது. பிறவியிலேயே தெரியாதுன்னு நினைக்கிறேன். இது முழுக்க ஜெசிந்தா கலக்கினது. சந்தனம் போட்டுக் கெடுத்தது நான். சரியான மதிப்பீடு இது.” தாளைப் பிரித்துப் படித்தேன். பஸ்ஸுக்கு நிற்பவள். பறிக்காத பூ. குழந்தையின் கழுத்து. ‘இன்னும் இங்கதான் இருக்கா.’ அலுவலகத்தில் அந்த நடையில் எதையும் படித்து எனக்குப் பழக்கமில்லை.

கனகவல்லி மணிக்கட்டில் தடவி, தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு கேட்டார். “யாருங்க எழுதினது?”

“என் மனைவி. இதை ஒரு பொண்ணுன்னு நினைச்சுட்டா.”

“எந்தப் பொண்ணு?”

“எனக்குத் தொடர்பு இருக்கற பொண்ணு.”

கிரிதரன் இருமினார்.

கனகவல்லி சிரிக்கவில்லை. கையை இன்னொரு முறை முகர்ந்தார். “அந்தக் கோவத்துலயும் இவளப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை வரல பாருங்க அவங்க வாயில. இதுவே இருக்கட்டும்.”

சாயங்காலம் கிரிதரன் டைப் செய்த கடிதத்தை என் கண்முன் கிழித்தார். ஜெசிந்தாவின் வேலை உறுதி. என் கையெழுத்து என்ன ஆகும் என்று இனிமேல் யோசிக்க வேண்டும் என்றார். யோசிக்கட்டும்.

ஜூன் 27, வெள்ளி

மன்னிப்புக் கேட்க லேபுக்குப் போனேன். ஜெசிந்தா பாட்டில்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

“உங்க கலவை நாலுலயும் அடி இருந்ததும்மா. எனக்குத்தான் தெரியல. மன்னிச்சிடுங்க.”

சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் துடைத்துக்கொண்டே பேசினார்.

“எனக்கு மூக்கு போயிட்டுன்னு நெனச்சேன் சார். நீங்க இல்லன்னு சொல்லுவிய, எனக்கு இருக்க மாதிரியே தோணும். இருபத்திரெண்டு வருசம் பாத்தவரு சொல்லுதாரு, அப்பம் நமக்குத்தான் கோளாறுன்னு ரெண்டு டாக்டர்ட்ட போனேன். மூக்குக்குள்ள டியூப் விட்டுப் பாத்தாவ. ஒண்ணும் இல்லன்னு சொன்னாவ. நான் அவங்கள நம்பல்ல. ஒங்கள நம்பினேன்.”

சொல்ல இருந்ததையெல்லாம் ‘மன்னிச்சிடுங்க’ என்ற சொல்லிலேயே செலவழித்துவிட்டிருந்தேன்.

“இந்த வேல நமக்கு ஆவாது, ஒண்ணாம் தேதி ஊருக்கு வந்திருதேன்னு அம்மைட்ட சொல்லிட்டேன். அதுக்கடுத்த ஞாயித்துக்கிழம பொண்ணு பாக்க ஆள் வரச் சொல்லிட்டா. இப்பம் வேல இருக்குன்னா நம்ப மாட்டேங்கா. மூக்கு இல்லாம எப்படிப் பிள்ள அங்க இருப்பன்னு கேக்கா.” துணியை மடித்து வைத்தார். “மன்னிப்பெல்லாம் வேண்டாம் சார். அம்மைட்ட நீங்க சொல்லுங்க.”

எண்ணை அழுத்தி ஃபோனை என் கையில் கொடுத்தார். நான் என் பெயரையும் பதவியையும் சொன்னேன்.

“மோளுக்கு என்ன ஆச்சு?” என்றார் அந்த அம்மாள்.

“அவங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. அவங்க மூக்கு ரொம்ப நல்லா இருக்கு. எங்க கம்பெனியிலேயே அதுதான் நல்ல மூக்கு. வேலை உறுதியாயிடுச்சு. கோளாறு என் மூக்குலதான். அது தெரியாம நாலு மாசம் அவங்களைக் கஷ்டப்படுத்திட்டேன்.”

“ஒங்களுக்கு வாசனை தெரியாதா?”

“சிலது தெரியாது.”

“நீங்க அங்க என்ன வேலன்னு சொன்னிய?”

“வாசனை பாக்கற வேலை. நான் சரின்னு சொன்னாதான் வெளியில போகும்.”

அந்தப் பக்கம் எங்கோ ஒரு சேவல் கூவியது.

“அப்பம் ஒங்கள அங்க எதுக்கு வச்சிருக்காவ?”

குரலில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

“யோசிங்கோ,” என்றார். ஃபோனை வைக்கவில்லை.